உட்கார விடாத ஊரில் பத்து வருடம்

துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கவுன்ட்டர் அக்கா என் முகத்தைப் பார்க்கும் முன்பே காலைப் பார்த்தார். “இந்தச் செருப்பு ஆகாதும்மா. ஒரு சைஸ் பெரிசா வாங்கிக்கோ. சாயங்காலம் கால் வீங்கிடும்” என்றார். அன்று சாயங்காலமே பலித்தது. வீட்டுக்கு வந்து கழற்றினால் செருப்பு வாரின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினால் அந்தக் குழி மேலெழும்ப நேரம் பிடித்தது.

ஆறு வருடம் அப்படி நின்றேன். பிறகு நாலு வருடம் டெலிவரி வேலை, இன்றும் அதில்தான் இருக்கிறேன். இந்தப் பத்து வருடத்தில் தெரிந்துகொண்டதை எழுதலாம் என்று நினைத்தால், எங்கே தொடங்கினாலும் உட்கார இடம் கிடைக்காத கதையில்தான் வந்து நிற்கிறது. சம்பளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளெல்லாம் ஒரு ஊருக்காக ஓடுகிறவர் அந்த ஊரில் பத்து நிமிஷம் உட்காரவும், ஒன்றுக்குப் போகவும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவும் படும் பாட்டை எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

கடையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. துணி எடுக்க வருகிறவர்களுக்காக வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆளே இல்லாத மதிய நேரத்திலும் நாங்கள் அதில் உட்காரக் கூடாது. “சும்மா இருக்கிற மாதிரி தெரியும்” என்பார் ஃப்ளோர் சூப்பர்வைசர். கவுன்ட்டருக்குப் பின்னால், கேமராவுக்கு எட்டாத மூலையில், பிரித்து மடித்த அட்டைப்பெட்டி ஒன்றை வைத்திருந்தோம். முறை போட்டு ஆளுக்கு இரண்டு நிமிஷம் அதில் குந்துவோம். படியில் சத்தம் கேட்டால், நிற்கிறவள் ஒரு துணியை எடுத்துப் படபடவென்று உதறுவாள். உட்கார்ந்திருப்பவள் எழுந்துவிட வேண்டும். இன்றைக்கும் யாராவது போர்வையை உதறினால் என் முழங்கால் தானாக விறைக்கிறது.

வலது கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும், அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது, இரத்தம் காலிலேயே தேங்கும் என்று படம் போட்டுக் காட்டினார். “நடங்க, இல்லன்னா உட்காருங்க. ரெண்டும் இல்லாம நிக்காதீங்க” என்றார். எங்கள் வேலையே அந்த இரண்டும் இல்லாததுதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்காலி கேட்பது பெரிய புரட்சி என்று அப்போது நினைத்திருந்தேன். 1899-லேயே பிரிட்டனில் இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. கடையில் வேலைசெய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எங்கள் தளத்தில் ஒன்பது பேர். அந்தக் கணக்குப்படி மூன்று நாற்காலி. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, எங்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு அட்டைப்பெட்டி.

கோழிக்கோட்டில் கடைகளில் வேலைபார்த்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று அமைப்பாகச் சேர்ந்தபோது முதலில் கேட்டது கழிப்பறை. நாற்காலி அதற்குப் பிறகு. அவர்கள் விடாமல் கேட்டதன் பலனாக, கேரளம் 2018-ல் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தி வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைச் சேர்த்தது. 2021-ல் தமிழ்நாடும் அதே போல ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. நான் செய்த தவறு அவர்கள் செய்யாததில் தெரிந்தது. நான் தனியாகப் போய்க் கேட்டேன். ஒருநாள் கால் வலி தாங்காமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்து, ஒரு ஸ்டூல் மட்டும் போடுங்கள் சார் என்று கேட்டேன். மறுநாளே என்னை ஸ்டாக் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, வாயைத் திறக்கக் கூடாது என்பதை.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். எவ்வளவு சின்னக் கோரிக்கையாக இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தில் இருக்கை பற்றியோ இடைவேளை பற்றியோ ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அந்தப் பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாளாகக் கொடுத்து, ஒரு நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்குங்கள். அப்படிச் செய்யும்போது ஒருத்தரை மட்டும் ஸ்டாக் ரூமுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினாலும், எதற்காக அனுப்பினார்கள் என்பதற்குத் தேதியோடு ஒரு சாட்சி இருக்கும்.

டெலிவரிக்கு வந்தபோது, இனிமேல் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தே வேலை என்று மனசு லேசானது. அந்த நிம்மதி ஒரு வாரம்தான். ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. ஆர்டர் இல்லாமல் காத்திருக்கும் நேரத்தில்தான் ஒரு ஊர் நம்மை எப்படி நடத்துகிறது என்று தெரிகிறது.

மதிய நேரம், தார்ச்சாலை கொதிக்கிறது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் ஓரம் நிழல் இருக்கிறது. முழங்கால் உயரத்தில் சுவர்த் திண்டு, உட்காரத் தோதான உயரம். ஆனால் அதில் அரை அடிக்கு ஒன்றாக இரும்புக் குமிழ் பதித்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சின் நடுவில் யாரும் படுத்துவிடாமல் இருக்கக் கம்பி வளைத்திருக்கிறார்கள். பூங்கா மதியம் பூட்டிவிடும். எங்கேயாவது படியில் உட்கார்ந்தால் செக்யூரிட்டி வருவார். இதெல்லாம் தற்செயலாக அமைந்தது இல்லை. யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டு, இங்கே உட்காரக் கூடாது என்று முடிவு செய்து, அதற்குப் பணம் செலவழித்திருக்கிறார்கள். பெஞ்சு போட ஆகும் காசைக் குமிழ் பதிக்கச் செலவழித்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது.

அந்தக் கட்டடத்து செக்யூரிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபதை ஒட்டி இருக்கும். நான் படியில் உட்கார்ந்த முதல் நாள், “எழுந்திரும்மா, இங்கெல்லாம் உட்காரக் கூடாது” என்றார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் கோபத்தில், “உங்களுக்கு என்னண்ணே கஷ்டம், நான் என்ன உங்க இடத்துலயா உட்கார்றேன்?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசாமல் கேட்டைப் பார்த்தார். அங்கே நாற்காலியே இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவார்கள் என்று எடுத்துவிட்டார்களாம். “நீ உட்கார்ந்தா கேமராவுல பார்த்து என்னைத்தாம்மா கேப்பாங்க” என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஆறு வருடம் அட்டைப்பெட்டியில் குந்திய எனக்கு, எதிரில் நிற்கிறவரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார் என்பது மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

கழிப்பறை விஷயம் இதைவிட மோசம். எங்களில் பெண்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே வருடத்தில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு படுத்தேன். அடக்காதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதித் தந்தார். எங்கே போவது என்று சீட்டில் எழுத முடியாது. ஆர்டர் எடுக்கப் போகும் உணவகத்திலேயே கழிப்பறை இருக்கும். அங்கே நின்று பார்சலுக்குக் காத்திருப்போம், உள்ளே விட மாட்டார்கள். நியூயார்க்கில் டெலிவரி தொழிலாளர்கள் சேர்ந்து போராடியதால் 2021-ல் நகர மன்றம் சட்டம் போட்டது. ஆர்டர் எடுக்க வரும் டெலிவரி ஆள் கேட்டால் உணவகம் கழிப்பறையைத் தர வேண்டும். அதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதைப் பாருங்கள்.

இனி ஆப்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். எங்களுக்கு மேலே மேனேஜர் என்று முகம் உள்ள ஆள் கிடையாது. நட்சத்திரம்தான் மேனேஜர். ஒருநாள் உணவகத்தில் இருபத்தைந்து நிமிஷம் காக்க வைத்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆறிப்போயிருந்தது. வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் போட்டார். அவர் கோபம் நியாயம்தான், ஆனால் அது போய் விழுந்தது என் தலையில். அதே வாரத்தில் இன்னும் இரண்டு குறைந்த ரேட்டிங். திங்கட்கிழமை காலை லாகின் செய்தால் ஐடி பிளாக். ஹெல்ப் சாட்டில் எழுதினேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று ஒரே வாக்கியம் நாலு தடவை வந்தது. வீட்டு வாடகை கட்ட வேண்டிய வாரம் அது.

என்னைக் காப்பாற்றியது, சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் தம்பி சொன்ன ஒரு பழக்கம். “அக்கா, கடைக்குள்ள நுழைஞ்சதும் ஒரு ஸ்க்ரீன்ஷாட், பார்சல் கைக்கு வந்ததும் ஒரு ஸ்க்ரீன்ஷாட். எதுக்குன்னு கேக்காதீங்க, ஒருநாள் தெரியும்” என்பார். அந்த இரண்டு படத்திலும் நேரம் இருந்தது. தாமதம் எங்கே நடந்தது என்று அதிலேயே தெரிந்தது. அதை இணைத்து, அழுது புலம்பாமல், மூன்றே வரியில் எழுதினேன். ஆர்டர் எண், உணவகத்தில் நுழைந்த நேரம், பார்சல் தந்த நேரம், இந்த ரேட்டிங்கை என் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் ஐடி திரும்பி வந்தது. அந்த ஒன்பது நாள் வருமானம் வரவேயில்லை.

அதிலிருந்து ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். லாகின் நேரம், லாகவுட் நேரம், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பது. ஸ்க்ரீன்ஷாட்டை ஃபோனில் மட்டும் வைக்காதீர்கள், ஃபோன் போனால் எல்லாம் போகும். வாரத்துக்கு ஒரு தடவை மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஐடி பிளாக் ஆனால் ஆப்பில் இருக்கும் பழைய விவரங்களையும் பார்க்க முடியாமல் போகலாம், அதனால் வாராந்திரக் கணக்கை வெளியே எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

நோட்டு வைத்த பிறகு ஒருநாள் கணக்குப் போட்டேன். பதினொரு மணி நேரம் லாகினில் இருந்திருக்கிறேன். ஆர்டர் கையில் இருந்தது ஏழு மணி நேரம். மீதி நாலு மணி நேரமும் வெயிலில், சாலையோரத்தில், ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது யாருடைய நேரம்? பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னது. பயணி வண்டியில் இருக்கும் நேரம் மட்டும் வேலை நேரம் ஆகிவிடாது. ஓட்டுநர் தனக்கு அனுமதியுள்ள பகுதியில் ஆப்பைத் திறந்து வைத்து, சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம்தான். அதைப் படித்த அன்று என் நோட்டில் அந்த நாலு மணி நேரத்தைச் சிவப்பு மையால் சுழித்து வைத்தேன்.

எல்லாத் தீர்ப்பும் நம் பக்கம் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே நீதிமன்றம் 2023 நவம்பரில், டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் வழக்கில், ரைடர்கள் சார்பில் பேரம் பேச அங்கீகாரம் கேட்ட சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ரைடர் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து அதில் பெரிய காரணமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துகிறோமே, அந்தப் பக்கத்தில்தான் இப்படிப்பட்ட வரிகள் இருக்கின்றன. முழுவதும் புரியாவிட்டாலும் அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றிவிட்டால் பழையது கையில் இருக்கும்.

ஐடி முடக்கும் விஷயத்தில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்னது எனக்குப் பெரிய தெம்பு. ஊபர் ஓட்டுநர்களின் கணக்கை முடக்கியதில் மனிதர் ஒருவரின் பங்கும் இருந்தது என்று நிறுவனம் சொன்னாலும், அது பெயரளவுக்குத்தான் என்று நீதிமன்றம் கண்டது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரத்தைத் தரச் சொன்னது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், கணக்கை நிறுத்தும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தால், உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களின் நகலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம். எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையில் கேட்டதற்கு எங்கேயும் கணக்கில்லை.

ஆன்லைன் உலகம் எங்களைப் படுத்துவது நட்சத்திரத்தோடு நிற்கவில்லை. ஒரு குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரோ மேலிருந்து வீடியோ எடுத்து, இவர்கள் இப்படித்தான் நம் படியைச் சாப்பாட்டு மேசை ஆக்குகிறார்கள் என்று அவர்களுடைய குரூப்பில் போட்டார்கள். அங்கிருந்து அது வெளியே வந்துவிட்டது. திட்டியவர்கள் ஒரு பக்கம். எனக்காகப் பேசியவர்கள் இன்னொரு பக்கம், அவர்கள்தான் அதிகம். இதயம் போட்டார்கள், கண்ணீர் முகம் போட்டார்கள், அந்தக் குடியிருப்பையே கிழித்தார்கள். மூன்று நாளில் எல்லாரும் வேறு வீடியோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மிச்சமானது, சீருடையில் அப்படி உட்காரலாமா என்று நிறுவனத்திலிருந்து வந்த விளக்கக் கேள்வி. வீடியோ என் பெரிய மகள் படிக்கும் இடம் வரைக்கும் போயிருந்தது. “அம்மா, ஏன் அங்க போய் உட்கார்ந்த?” என்று அவள் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எனக்காகப் பேசிய ஆயிரம் பேரில் ஒருவர்கூட இந்த முகத்தைப் போடலாமா என்று என்னைக் கேட்கவில்லை. நல்ல மனசோடுதான் பகிர்ந்தார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: வேலை செய்கிறவர் படும் கஷ்டத்தைக் காட்ட வேண்டும் என்றால் இடத்தைக் காட்டுங்கள், குமிழ் பதித்த திண்டைக் காட்டுங்கள், பூட்டிய கழிப்பறையைக் காட்டுங்கள். முகத்தை விட்டுவிடுங்கள். முகம் தெரிந்தால் வேலை போவது எங்களுக்கு.

அந்த வீடியோவுக்குப் பிறகுதான் எங்கள் வாட்ஸ்அப் குரூப் உருப்படியானது. அதுவரை வாழ்த்துப் படமும் ஃபார்வர்டுமாக ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி நாலு கட்டுப்பாடு வைத்தோம். யாருடைய முகமும் கூடாது. வாடிக்கையாளர் முகவரி கூடாது. ஃபார்வர்டு கூடாது. விபத்து என்றால் லொக்கேஷன் முதலில், பேச்சு அப்புறம். அதோடு ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டோம். உட்காரும் இடம், கழிப்பறை, குடிநீர்க் குழாய் எங்கே பார்த்தாலும் குறித்து வைப்பது.

முதலில் குரூப்பிலேயே லொக்கேஷன் அனுப்பினோம், இரண்டே நாளில் மேலே போய் மறைந்துவிடும். ஒரு கல்லூரித் தம்பிதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் காட்டிக்கொடுத்தான். 2004-லிருந்து உலகம் முழுக்க சாதாரண ஜனங்களே சேர்ந்து வரைந்துவரும் வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பெஞ்சு, கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிக் குறி உண்டு. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு ஆப் இருக்கிறது, வரைபடம் வரையத் தெரியாதவர்களுக்கும் கைகொடுக்கும். நாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளவற்றைப் பற்றி அதுவே கேள்வி கேட்கும். இந்தக் கழிப்பறைக்குக் கட்டணம் உண்டா? இந்தப் பெஞ்சுக்குச் சாய்மானம் உண்டா? ஆம், இல்லை என்று தொட்டால் போதும். ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்தோம். நாலு மாதத்தில் எங்கள் பகுதி வரைபடம் நிறைந்துவிட்டது. நிறைந்ததைவிட, எந்தத் தெருவில் ஒன்றுமே இல்லை என்பது பளிச்சென்று தெரிந்ததுதான் பெரிய பலன். நீளமான பெரிய சாலை ஒன்று, ஆஸ்பத்திரியும் அலுவலகங்களும் உள்ள சாலை, ஒரு பெஞ்சுகூட இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது.

மனு கொடுத்த கதையில் முதல் முறை தோற்றோம். பதினொரு கோரிக்கை எழுதியிருந்தோம், ஓய்வறையிலிருந்து காப்பீடு வரை. வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பதினொன்றும் பதினொரு துறைக்குப் போக வேண்டியவை, எதுவும் யார் மேசையிலும் நிற்கவில்லை. இரண்டாம் முறை ஒரே கோரிக்கை: அந்தச் சாலையில் நிழலில் நாலு பெஞ்சு. வரைபடத்தை அச்செடுத்து வைத்தோம். பெஞ்சு வர வேண்டிய நாலு இடத்தையும் படம் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் நடைபாதையின் அகலத்தை டேப் பிடித்து அளந்து எழுதினோம். இடமில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

இன்னொன்றும் செய்தோம், அதுதான் வேலை செய்தது என்று நான் நம்புகிறேன். டெலிவரி ஆட்கள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்து வரும் பெரியவர்களிடம் போனோம். கைக்குழந்தையோடு வரும் பெண்களிடம் போனோம். துப்புரவுப் பணியாளர்களிடம், அந்தச் செக்யூரிட்டி அண்ணனிடம். ஒரு பாட்டி சொன்னார்: “ஆஸ்பத்திரிக்கு நடக்க எனக்குத் தெம்பு இருக்கு. நடுவுல ஒரு தடவை உட்கார இடமில்லன்னுதான் ஆட்டோ புடிக்கிறேன்.” எங்கள் மனுவின் முதல் வரியாக அதையே எழுதினோம். வில்லியம் ஒய்ட் என்பவர் 1970-களில் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமரா வைத்து, ஜனங்கள் எங்கே கூடுகிறார்கள், எங்கே கூடுவதில்லை என்று படம்பிடித்து ஆராய்ந்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள் என்பதே அவர் கண்டவற்றில் முக்கியமானது. படித்தால் இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றும். ஆனால் குமிழ் பதிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது, பெஞ்சு போட வேண்டியவர்களுக்குத்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

ஏழு மாதம் ஆனது. மூன்று பெஞ்சு வந்தது. ஒன்று நல்ல மர நிழலில், ஒன்று பாதி நிழலில், ஒன்று கொளுத்தும் வெயிலில்.

கழிப்பறைக்கு வேறு வழி பிடித்தோம். ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கடைகளும் உணவகங்களும் தங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்கும் திறந்து வைக்கும், அதற்கு நகராட்சி ஒரு தொகை கொடுக்கும், வாசலில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின. நகராட்சி பணம் தரும் வரை காத்திருக்காமல் நாங்களே கடை கடையாகப் போய்க் கேட்டோம். இதில் ஒரு பாடம் உண்டு: கவுன்ட்டரில் நிற்கிறவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு அனுமதிக்க அதிகாரம் இல்லை, மறுத்தால் அவருக்குத்தான் சங்கடம். முதலாளி இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், கூட்டம் இல்லாத காலை வேளையில், பெண்கள் இரண்டு பேராக. எத்தனை பேர் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், சுத்தமாக வைத்துக்கொள்ள நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்லிக் கேட்டோம். ஏழு கடை ஒத்துக்கொண்டது. ஒரு முதலாளி அம்மா, “நானும் கடையில நின்னவதான், வாங்க” என்று சாவி தொங்கும் ஆணியையே காட்டிக்கொடுத்தார்.

சங்கத்தில் நான் தாமதமாகத்தான் சேர்ந்தேன். சந்தா கட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் குரூப்பில் ஒரு தம்பிக்கு விபத்து நடந்தபோதுதான் விளங்கியது. வாட்ஸ்அப்பில் நாங்கள் பணம் திரட்டலாம், இரத்தம் கொடுக்க ஆள் அனுப்பலாம். நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பவும், தொழிலாளர் அதிகாரி முன்னால் அவன் சார்பில் உட்காரவும் குரூப்பால் முடியாது. பதிவு பெற்ற சங்கத்தால் முடியும். குரூப் வைத்திருப்பவர்கள் அதோடு நின்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரேட்டிங் போடும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாமதம் கடையால் என்றால், கடைக்கென்று தனியாக இருக்கும் இடத்தில் போடுங்கள், ரைடர் பெயருக்கு எதிரில் இருக்கும் நட்சத்திரத்தில் போடாதீர்கள். கதவைத் திறக்கும்போது தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வோம், காரணம் மேலே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கேளுங்கள்.

போன வாரம் அந்தச் சாலையில் மர நிழல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் முடிந்து செக்யூரிட்டி அண்ணன் வந்தார். இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் உண்டு. ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி பின்னால் சாயப் போனவர் சட்டென்று நிமிர்ந்தார். பெஞ்சுக்கு முதுகுப் பலகை கிடையாது. “இதுல சாய முடியலையேம்மா. வயசானவங்க எழுந்திரிக்கப் புடிச்சுக்கவும் ஒண்ணுமில்ல” என்றார். ஃபோனை எடுத்தேன். அந்தப் பெஞ்சைப் பற்றிய கேள்விக்கு இத்தனை நாளாக யாரும் பதில் போடவில்லை. சாய்மானம் உண்டா என்று கேட்டது, ‘இல்லை’ என்று தொட்டேன். அடுத்த பெஞ்சுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தபோது ஆர்டர் வந்துவிட்டது. மீதி இரண்டையும் பார்த்துப் படம் எடுத்து வைக்கிறேன் என்று அவர் தன் ஃபோனைக் காட்டினார். எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் நாளைக்குச் சொல்லித் தரச் சொன்னார்.